தூசு தெரியாத கலர்

1. மூன்று பட்டை

மரத்தரைக்கு பாலிஷ் போடும் தொழிலில், சென்னையில் ராயபுரத்தைத் தாண்டி வடக்கே வந்துவிட்டால் எங்களுக்கு ஒரே கேள்விதான். தெற்கே போனால் "எந்த கலர் எடுப்பா இருக்கும்?" என்பார்கள். இங்கே, "பாய், தூசு தெரியாத கலர் எது?" நானும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பழுப்பான டார்க் வால்நட் என்று சொல்லிவிடுவேன். துறைமுகம், தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றில் வருகிற கரித்தூசு அதில் அப்படியே மறைந்துவிடும். தரையைப் பார்த்துவிட்டு, "சூப்பர் பாய், பளிச்சுன்னு கீது" என்று டீயும் வாங்கிக் கொடுப்பார்கள்.

திருவொற்றியூரில் சேவியர் வீட்டு வேலைக்குப் பிறகு அந்தப் பாராட்டெல்லாம் எனக்குக் கசந்துபோனது.

சேவியர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். கடல் தெரிகிற மாதிரி மாடி எழுப்பி, அங்கே படுக்கையறைக்குப் பழைய பர்மா தேக்குப் பலகை வாங்கிப் போட்டிருந்தார். பலகை பதித்தது ஆசாரி, கலர் என் பொறுப்பு. அவர் மனைவி ரோஸ்லின் தூத்துக்குடிக்காரர். அந்தம்மாவுக்கு வீசிங். பேசும்போதே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

கேட்லாக்கைக் காட்டி கலர் எடுக்கச் சொல்வது என் வழக்கமில்லை. கையில் பிடிக்கும்போது ஒரு கலர், தரையில் பார்த்தால் வேறு கலர். அதனால் தரையிலேயே மூன்று பட்டை அடித்துவிடுவேன்: மரத்தின் வெளிர் நிறத்தை அப்படியே காட்டும் நேச்சுரல், தேன் நிற ஹனி, டார்க் வால்நட். "கொஞ்ச நாள் இதுமேல நடந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று வந்துவிடுவேன். அங்கேயும் அதைத்தான் செய்தேன்.

மறுபடி போனபோது ரோஸ்லின் என்னை நேரே நேச்சுரல் பட்டைக்குக் கூட்டிப்போனார். அதில் கறுப்பாக ஒரு பாதச்சுவடு.

"காலையில தொடச்ச இடம் பாய் இது" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வால்நட் பட்டையைத் துடைத்துக் காட்டினார். துணி கறுத்துவிட்டது. "இங்கயும் அம்புட்டுத்தான் கெடக்கு. கண்ணுக்குத் தெரியல. எனக்குத் தெரியுற கலர்தான் வேணும். பார்த்தாத்தான இவங்க இந்த வீட்டை விட்டுப் போறதப் பத்தி யோசிப்பாங்க?" என்று சேவியரைக் காட்டினார்.

சேவியருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பாய் இது பேஜாரு! வெள்ள கலர் போட்டா தூசு வந்து குந்தத்தான் செய்யும். அந்த டார்க்க பாரு, எவ்ளோ சுத்தமா கீது. நான் இங்கதான் பொறந்தேன், இங்கதான் வளந்தேன். எனுக்கு இன்னா ஆச்சு?"

"தங்கச்சி சொல்றது நியாயந்தானே தம்பி" என்று இழுத்தேன்.

"யாரு வூடு பாய் இது?"

அவர் வீடுதான். வால்நட் டப்பாவைத் திறந்தேன்.

2. ஜன்னலோரப் பலகை

வேலை பாதியில் இருக்கும்போது ரோஸ்லின் மாடிப்படியில் நின்றபடி கேட்டார். தின்னர் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். "ஜன்னலோரத்துல ஒரே ஒரு பலகைய மட்டும் வெளுப்பா விட்டுருங்க பாய்."

சேவியர் சிரித்துவிட்டார். "வுடு பாய், ஆசப்படுறா."

டேப் ஒட்டி அந்தப் பலகையை மட்டும் தனியாக நேச்சுரலில் முடித்துக் கொடுத்தேன். பார்க்க முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. இதைச் செய்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தம்மா மட்டும் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்.

3. மொத்தமும் அந்தக் கலர்

அடுத்த மழைக்காலம் முடிந்து சேவியர் போன் பண்ணினார். "பாய், ஜன்னலாண்ட ஒரு பலக கீதில்ல? மொத்தத்தையும் அத்த மாதிரி பண்ணிடு."

எனக்கு எரிச்சல். டார்க் மேலே லைட் அடிக்க முடியாது. ஸ்டெயின் மரத்துக்குள்ளே இறங்கியிருக்கும், மெஷின் போட்டு அத்தனையும் இழைக்க வேண்டும். அப்போதே கேட்டிருக்கலாமே தம்பி என்றேன். "கேக்கல பாய். வந்து இழச்சிடு" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

போனேன். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. தங்கச்சி எங்கே என்று கேட்டேன்.

"தூத்துக்குடில, அவ அக்கா வூட்ல. இங்க ஒரு நாளு மூச்சு வுட முடியாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனோம். அப்டியே ஊருக்குப் போய்ட்டா. அங்க மாத்திர கூட கொறஞ்சிடுச்சாம்." ஜன்னலோரப் பலகை பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ போனப்புறம் இத்த தொடைக்க ஆளில்ல. ஒரு நாளு வெரல வச்சு பாத்தேன் பாய், மையி மாதிரி ஒட்டுது. தெனம் இத்தத்தான் காட்னா. நான் திரும்பிக்கூட பாக்கல." ஆள் அழுதுவிட்டார்.

தரை மாறினால் ரோஸ்லின் திரும்பி வந்துவிடுவார் என்று சேவியர் நம்பினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷின் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சீலர் அடித்து, மேட் கோட்டும் கொடுத்தேன். தேக்கு பொன்னாக எழுந்து வந்தது. என் கையால் இவ்வளவு நல்ல வேலை வேறெங்கும் நான் செய்ததில்லை.

தரை நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் சேவியரின் கால் தடம், கறுப்புக் கறுப்பாக. அதை அவரே போட்டோ எடுத்து ரோஸ்லினுக்கு அனுப்பியிருந்தார். என் எதிரிலேயே ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"ரோஸி, நீ சொன்னது கரீட்டு. இப்ப எல்லாம் தெரியுது, பாத்தியா? வந்துடு. நானே தெனம் தொட…"

முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. விடாத இருமல். நான் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு ரோஸ்லின் கேட்டார்: "உங்களுக்கு இந்த இருமல் எப்பத்துல இருந்து?"

சேவியர் என்னைப் பார்த்தார்.

"தரைய மாத்திட்டீங்க. காத்த என்ன செய்வீங்க? நான் அங்க வரமாட்டேன். நீங்க கெளம்பி இங்க வாங்க. கேக்குதா? உங்களத்தான் சொல்றேன்."

"சர்வீஸ் முடியட்டும் ரோஸி" என்றார். ரோஸ்லின் போனை வைத்துவிட்டார்.

சேவியர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஷிப்டுக்குப் போகும் முன் தரையைத் துடைக்கிறார், வந்ததும் துடைக்கிறார். போன் செய்தால் பாதிப் பேச்சு இருமல்தான்.

தூசு தெரியாத கலர் என்று நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. "லைட்டு போட்டா கலீஜா தெரியுமே பாய்" என்பார்கள். தெரியட்டும் என்பேன். சில பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்துக்கொள்ளட்டும். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: வீட்டில் தினமும் துடைக்கிறவர் எந்த கலர் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை. தூசைக் கண்ணில் காட்ட ஒரு கலர் இருக்கிறது, கிளம்ப வைக்கிற கலர் எந்த டப்பாவிலும் இல்லை. இவ்வளவு பேசுகிற நானும் இதே கரித்தூசு விழுகிற தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறேன்.