தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு

கல்யாணமான முதல் வருடமே எனக்குத் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். ஹெர்னியா. மறைமலை நகர் கம்பெனியில் இரும்பைத் தூக்கித் தூக்கி வந்த வினை. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். மனைவி நெருங்கி வந்தால் சுரீரென்று வலிக்கும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். வாயைத் திறந்து சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்!

அவளிடம் சொல்லாத நான் கம்பெனி பஸ்ஸில் சொன்னது அதைவிட மடத்தனம். "அந்த எடத்துல கத்தி வெச்சா அவ்ளோதான் மச்சான். எங்க மாமா குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கினாரே, அதே ஆபரேஷன்தான்" என்றான் பின்சீட்டு நண்பன். பஸ்ஸே அவனுக்கு ஒத்து ஊதியது. இரண்டும் வேறு வேறு என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். இனி நான் புருஷனாக இருக்க முடியுமா என்ற பயத்திலேயே ஆபரேஷனுக்குப் போகாமல் தீபாவளியைத் தள்ளினேன், பொங்கலையும் தள்ளினேன்.

கடைசியில் வலியில் சுருண்டு கிடந்த என்னை அவளே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த அன்று நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நர்சரிப் பள்ளி டீச்சரான என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: "டாக்டர், இவர் எப்போ சைக்கிள் ஓட்டலாம்னு சொல்லிட்டீங்க. நாங்க எப்போ சேர்ந்து இருக்கலாம்னு சொல்லலையே?"

எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"அதுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் பகை இல்லம்மா. பெரும்பாலும் முன்னைவிட நல்லாவே இருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் பிரிட்ஜை என்னிக்கு வலியில்லாம ஏறி இறங்குறாரோ, அன்னிக்கு."

மறுநாளிலிருந்து மாலையில் அவள் பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் படியேறக் கிளம்பிவிடுவோம். முதல் நாள் பாதியிலேயே தையல் போட்ட இடம் இழுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "உங்களுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சுட்டு இருந்தேங்க."

ஆபீஸ் கூட்டம் இடித்துக்கொண்டு போக, வலி, பஸ், பயம் எல்லாவற்றையும் அந்தப் படியிலேயே கொட்டித் தீர்த்தேன். குடும்பக் கட்டுப்பாடு மாமா கதை வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலித்தது.

படிக்குக் கீழே கொய்யா விற்ற அக்காவுக்கு எங்களால் ஒரே குழப்பம். "இன்னாம்மா, டெய்லி ஏறிகினு எறங்கிகினு கீறீங்க, ட்ரெயினே ஏற மாட்டீங்களா?"

"டாக்டர் சொன்ன எக்சர்சைஸ், அக்கா" என்று மனைவி ஒரு கொய்யா வாங்குவாள்.

ஒரு சனிக்கிழமை நிற்காமல் உச்சிக்கு ஏறிவிட்டேன். அந்தப் பக்கம் இறங்கி மறுபடியும் ஏறினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா இல்ல."

அவள் படியிறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, இன்னிக்கி கொய்யா வாணாமா?"

"நாளைக்கு வாங்கிக்கறேன்க்கா. வீட்டுல வேலை இருக்கு."

எனக்காக இத்தனை நாள் மெதுவாக நடந்தவள் அன்று விடுவிடுவென்று முன்னால் போனாள். எட்டிப் பிடித்தேன். துளியும் வலிக்கவில்லை.