ஐப்பசியில பூத்த மாமரம்

மாம்பூ மணம் தெரியும்தானே... கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. தை மாசியில வந்தா ஆசையா மூச்சிழுப்பம். ஐப்பசியில வந்தபோது எங்கட வீட்டில எல்லாரும் பயந்து போனம்.

இது நடந்து இருபது வருசத்துக்கு மேல. அன்புவழிபுரத்தில இதே வீடு. அந்த வருசம் மாரி பிந்திப் போச்சு. ஐப்பசி பிறந்தும் ஒரு துளி மழை இல்ல. வெயிலும் சுடாது, குளிரவும் குளிராது. முத்தத்து மாமரம் அதைத் தை மாசமெண்டு நம்பி ஏமாந்து, தலை நிறையப் பூத்திட்டுது.

விடிய முத்தம் கூட்டப் போன அம்மா, விளக்குமாத்தோட அப்பிடியே நிண்டிட்டா.

"இஞ்சருங்கோ... மரத்தை ஒருக்கா வந்து பாருங்கோவன்!"

காலம் தப்பி மரம் பூத்தா அந்த வீட்டில நல்ல காரியம் சரிவராது எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். அம்மா அதை அப்பிடியே நம்புறவ. ரெண்டு நாளில கிளிவெட்டியிலயிருந்து என்னைப் பொம்பிளை பாக்க வருகினம்!

எனக்கு அப்ப முப்பது வயசு. ஹாபர் பக்கம் ஒரு கந்தோரில டைப்பிங் வேலை. ஏற்கனவே ரெண்டு இடம் வந்து போயிட்டுது. ஒண்டில, பேசிக்கொண்டிருக்கேக்க பல்லி சொன்னதாம். மற்றது, வாற வழியில பஸ் டயர் வெடிச்சதாம். டயர் வெடிச்சதுக்கு நானோ பொறுப்பு?

இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருந்தது. போட்டோவை டைப்ரைட்டர் கவருக்குக் கீழ வச்சு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பாத்தனான். வெக்கமில்லாமச் சொல்லுறன்.

அடுத்த நாள் விடிய, அப்பா நுனியில கொக்கி வச்ச கொக்கத்தடியோட மரத்தில ஏறினார். அவர் பூவை ஒடிச்சு ஒடிச்சுப் போட, நான் பொறுக்கினன். அம்மா சாக்கில அள்ளிக் கொண்டுபோய் கிணத்துக்குப் பின்னால குழி தோண்டித் தாட்டா. மூண்டு பேரும் களவெடுக்கிற ஆக்கள் மாதிரிச் சத்தமே போடேல்ல. பக்கத்து வீட்டு அன்ரி வேலியால எட்டிப் பாத்தா.

"என்ன, மரம் தறிக்கிறியளோ?"

"இல்லையக்கா, மசுக்குட்டிப் புழு விழுந்திட்டுது" எண்டா அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அண்டைக்குத்தான்.

உச்சிக் கொப்பில ரெண்டு கொத்து மிஞ்சிச்சுது. கொக்கத்தடிக்கும் எட்டேல்ல. "விடுங்கோ, ஆர் அண்ணாந்து பாக்கப் போகினம்" எண்டன். அம்மா சாக்கைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனா.

அப்ப பாலங்கள் ஒண்டும் வரேல்ல. மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் கிளிவெட்டியிலயிருந்து மூதூருக்கு வந்து, அங்கயிருந்து லாஞ்சில கடல் தாண்டி, ஜெட்டியில ஓட்டோ பிடிச்சு வந்தினம். அம்மா ஹோலுக்குள்ளதான் கதிரை அடுக்கி வச்சிருந்தவ. வந்து இருந்த உடன கரண்ட் போச்சு, ஃபேன் நிண்டுது.

"உள்ளுக்க புழுக்கமாக் கிடக்கு. மரத்துக்குக் கீழ இருப்பமே?" எண்டார் மாப்பிள்ளையின்ர தகப்பன்.

அம்மாவின்ர முகத்தைப் பாக்கோணும்...

நான் தேத்தண்ணித் தட்டத்தோட வெளியில வந்தன். எல்லாருக்கும் குடுத்து முடியேல்ல, கடல் பக்கமிருந்து ஒரு காத்து அடிச்சுது. மாப்பிள்ளையின்ர தாயின்ர கோப்பைக்குள்ள மூண்டு நாலு பூ விழுந்து மிதந்துது.

அவ கோப்பையைப் பாத்தா. பிறகு அண்ணாந்து மரத்தைப் பாத்தா. உச்சியில ரெண்டு கொத்து, கீழ முழுக்க ஒடிச்ச காம்பு. பிறகு அம்மாவைப் பாத்தா. அம்மா சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மூண்டாவதும் போச்சுதெண்டு நினைச்சன். மாப்பிள்ளையின்ர பக்கம் திரும்பேல்ல... திரும்பினா அழுதிருப்பன்.

"உங்கட மரமும் பூத்திட்டுதோ?" எண்டா அவ. "எங்கட வளவிலயும் இதே கூத்துத்தான். அடுத்த கிழமை நீங்கள் வீடு பாக்க வருவியள், கண்டா என்ன நினைப்பியள் எண்டு நேத்து முழுக்க ஒடிச்சுப் போட்டுத்தான் வந்தனாங்கள்!"

சொல்லிப்போட்டு, பூவை விரலால எடுத்து எறிஞ்சிட்டு, அந்தத் தேத்தண்ணியை அப்பிடியே குடிச்சா. அம்மா சிரிச்சா. கண்ணால தண்ணி ஓடுது, சிரிக்கிறா.

அடுத்த கிழமை அப்பா மட்டும் கிளிவெட்டிக்குப் போய் வந்தார். அம்மா வாசலிலயே கேட்டா, "மரம் எப்பிடி?" எண்டு.

"ஓம் ஓம், ஒரு பூ விடாம ஒடிச்சிருக்கினம்" எண்டார் அப்பா, செருப்பைக் கழட்டிக்கொண்டு. கார்த்திகையில கலியாணம் நடந்துது.

கலியாணம் முடிஞ்சும் நாங்கள் இந்த வீட்டிலதான் இருந்தம். முதல் முறை மாமி வீட்டுக்கெண்டு கிளிவெட்டிக்குப் போனன். வளவில நாலு தென்னை, ஒரு தேசி, கொஞ்சம் வாழை. பின்பக்கமும் போய்ப் பாத்தன்.

மாமரமே இல்ல.

மாமியைக் கேட்டன். அரிசி புடைச்சுக்கொண்டிருந்தவ, நிமிரேல்ல. "உன்ர அம்மா சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைப் பாத்தனான் பிள்ளை" எண்டா. அவ்வளவுதான். என்ர மனுசனுக்கும், போய்ப் பாத்திட்டு வந்த அப்பாவுக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

தைப்பொங்கலுக்கு அம்மா அங்க போனா. வளவைச் சுத்திப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்ல. அடுத்த முறை போகேக்க, எங்கட மரத்துக் கொட்டையில முளைச்ச கன்று ஒண்டைப் பால்மா டின்னில வச்சு, லாஞ்சில மடியிலயே கொண்டு போனா. தானே கிடங்கு கிண்டி நட்டா. மாமி தண்ணி ஊத்தினா. சாகும் வரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்ல.

இப்பவும் ஐப்பசி. மழையைக் காணேல்ல. முத்தத்து மரம் திரும்பவும் பூத்து நிக்குது. இப்ப ஆர் பயப்பிடுகினம்? மகள் அதுக்குக் கீழ நிண்டு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிட்டாள். "வெதர் மாறிட்டுது அம்மா, அவ்வளவுதான்" எண்டுறாள். ஓம், நல்லதுதான். ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை மாம்பூவில தொங்கத் தேவையில்ல. ஆனா, ஒரு பார்வையிலயே மற்றவையின்ர பயத்தைக் கண்டுபிடிக்கிற ஆக்களும் குறைஞ்சுதான் போச்சினம்.

இண்டைக்குக் காலமை கிளிவெட்டியிலயிருந்து இவரின்ர தம்பி வாட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினார். "அண்ணி, இஞ்சயும் பூத்திட்டுது" எண்டு.

பெரிசாக்கிப் பாத்தன். அம்மா நட்ட மரம். உச்சிக் கொப்பு வரைக்கும் பூ. மாமி அண்டைக்குச் சொன்ன மரம்... இப்பத்தான் ஐப்பசியில பூத்திருக்கு.

காட்டுறதுக்கு அம்மாவும் இல்ல, மாமியும் இல்ல.