தீதி இல்லாமல் ஓடிய பில்ட்

ஏ.சி. குளிருக்குத் தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கணினித் திரையை முறைத்தபடி தீதி உட்கார்ந்திருப்பார். சால்ட் லேக்கில் எங்கள் அலுவலகம் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவர். வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் அலுவலகம் முழுக்க அவரைத் தீதி என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அச்சுப்பொறிகளுக்குப் படம் அனுப்பும் ஒரு மென்பொருள் லைப்ரரியை எழுதிக்கொண்டிருந்தோம். யூனிக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் அது ஓட வேண்டும். நாங்கள் யூனிக்ஸில் எழுதிவிட்டு எழுந்துவிடுவோம். அதை விண்டோஸ் ஏற்கும்படி தொகுத்துத் தருவது, அதாவது பில்ட் எடுப்பது, தீதியின் பாடு. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று என ஒரே பெயரில் இரண்டு கோப்பு வைத்திருப்போம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். பில்ட் பாதியில் நிற்கும். தீதி திருத்துவார், ஓடவிடுவார், மறுபடி நிற்கும். சாயங்காலம் அதிலேயே போய்விடும். கணவருக்கு வெளியூரில், கரக்பூரில் ரயில்வே வேலை. பள்ளி விட்டபின் அவர்கள் மகள், தீதி வரும்வரை காவலாளியோடு பள்ளி வாசலில் காத்துக்கொண்டிருப்பாள்.

"தூர்!" என்று வங்காளியில் அலுத்துக்கொண்டார் ஒருநாள். "இந்தச் சனியனை நான் இல்லாம ஓட வெச்சுத் தாயேன். பொண்ணு பாவம், தினம் கேட்ல நிக்கறா."

எனக்கு அந்த மாதிரி வேலையில் கொள்ளை ஆசை. எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று தீதி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் செய்யும் திருத்தங்களையெல்லாம் தானே செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட் நிரலை எழுதினேன். சோதித்துப் பார்க்க அவரை ஒருநாள் லீவு போடச் சொன்னேன். பில்ட் நிற்காமல் முடிந்தது. மறுநாள் தீதி எல்லோருக்கும் வெல்லச் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார். மேலாளருக்கு இரண்டு.

அந்த மேலாளர்தான் சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, தீதிக்கு இனி என்ன வேலை இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார். மாதக் கடைசியில் தீதியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்று பெரும்பாலும் எங்கேயும் கையால் பில்ட் எடுக்கத் தனியாக ஆள் வைப்பதில்லை. நான் இல்லாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனசு கேட்பதில்லை.

அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்த பிறகு ஒருநாள் தீதி போன் செய்தார். "இப்பல்லாம் பொண்ணு காத்துண்டு நிக்கறதே இல்ல. பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே நான் போயிடறேன். உன்னாலதான்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. வேறு வேலை கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.