பதினோராம் வீட்டுக் கேல் செடி

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சீதாலெட்சுமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைவர் குகன் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எதை எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். குகன் அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

"ஞாயித்துக்கெழம சங்கத்துப் புதுத் தோட்டம் தொறக்குறோம்ல டீச்சர், மொத நாத்த சீதாக்காவே நடட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்களுக்கு நல்ல கைராசி லா."

பதினெட்டு வருடங்களாகக் கைராசி என்றால் இங்கே ரமணி டீச்சர். மூன்றாம் வீட்டுக் கறிவேப்பிலையும் ஒன்பதாம் வீட்டு முருங்கையும் நான் ஊன்றியவை. புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சிய கையோடு என்னைக் கூப்பிட்டு ஒரு செடி நட வைப்பார்கள். அந்தப் பெயரை இவள் நான்கே வருடத்தில் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சீதாலெட்சுமி பந்திங் பக்கத்துக்காரி. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கணவர் லோரி ஓட்டியவர், இப்போது இல்லை. மகள் ரவாங்கில் இருக்கிறாள். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, பதினோராம் எண்ணில் தனியாகக் குடிவந்தாள். சத்தமாகப் பேச மாட்டாள். குறை சொல்லவும் இடம் தர மாட்டாள், அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

கேல் கீரையை இந்த வரிசைக்குக் கொண்டுவந்தது நான். என் வீட்டுக்காரர் பரமேஸ்வரனுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியபோது, பங்சாரில் இருக்கும் மகன் அந்தக் கீரையைச் சாறு பிழிந்து கொடுக்கச் சொன்னான். ஆன்லைனில் மூன்று வகை விதை வாங்கினேன். சுருட்டைக் கேலின் மடிப்புக்குள் பச்சைப் புழு புகுந்தால் எத்தனை தடவை அலசினாலும் போகாது. சிவப்பு ரஷ்யன் காலை பதினொரு மணிக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடும். கிள்ளான் வெயிலுக்கு டைனோசர் கேல்தான் என்று முடிவு செய்தேன். சொரசொரவென்று நீண்ட, கரும்பச்சை இலை அதற்கு.

அதில் எட்டு நாற்று வந்தன. வாசல் போர்ச் நிழலில் இருந்ததால் சில நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிட்டன. ஆசிரியை புத்தி. நிமிர்ந்த ஐந்தை வைத்துக்கொண்டு, கோணலான மூன்றைப் பிடுங்கிப் பின் சந்தில் எறிந்தேன். அந்த ஐந்தும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பதினோராம் வீட்டில் ஒரு டைனோசர் கேல் மார்பு உயரத்துக்குச் சின்னப் பப்பாளி மரம் போல நிற்கிறது. அடி இலைகளை ஒடித்து வீடு வீடாகக் கொடுக்கிறாள். நான் பிழிந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த என் வீட்டுக்காரர், அவள் கீரைச் சாற்றைக் குடித்துவிட்டு, "கசப்பே இல்ல ரமணி" என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. தினமும் பின் சந்து வழியாகப் போய் அந்தச் செடியைப் பார்ப்பேன். புழு விழட்டும் என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

"வெத எங்க வாங்குன சீதா?" என்று கேட்டதற்கு அவள் சாக்கடையைப் பார்த்தபடி, "கெடைச்சிச்சு டீச்சர்" என்றாள். கமுக்கக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைப் பற்றி எழுத வேண்டுமே என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். தேநீர் வைத்தாள்.

"அந்தச் செடியப் பத்தி மட்டும் எழுதாதீங்க டீச்சர். அது ஒங்களோடது."

"என்னோடதா?"

"பின்னால சந்துல மூணு நாத்து தூக்கிப் போட்டிருந்தீங்க. ரெண்டு காஞ்சிருச்சு. ஒண்ண எடுத்துட்டு வந்து நட்டேன். குப்ப பொறுக்குனவன்னு சொல்வாங்களேன்னு இத்தன நாளா வாயத் தொறக்கல. ஞாயித்துக்கெழம நீங்களே நட்டுருங்க. குகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். செடி என்னுடையதுதான் என்ற சந்தோஷம். வீட்டுக்கு வந்து படியேறும்போதே அது போய்விட்டது. எட்டில் இது ஒன்றுதான் ஓங்கி வளர்ந்தது, அதைத்தான் நான் தூக்கி எறிந்திருக்கிறேன். இருந்தாலும் பெயரை விட மனமில்லை. நானே நடுகிறேன் என்று குகனுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஞாயிறு காலை, அந்தக் கேலின் அடித்தண்டில் வெடித்து வேர்விட்ட பக்கக் கன்று ஒன்றைச் சீதாவே கொண்டுவந்தாள். நான் குழியில் வைத்து மண் தள்ளினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கன்று சாய்ந்து நின்றது. படம் எடுத்துவிட்டுக் கூட்டம் நாசிலெமாக் சாப்பாட்டுப் பக்கம் திரும்பியதும், சீதா தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் கன்றைத் தூக்கி, குழியை ஆழமாக்கி, அடி இலை வரை தண்டைப் புதைத்து, இரண்டு கைப்பிடி மண் போட்டு அழுத்தினாள்.

"தண்டு நீட்டமா இருந்தா கழுத்து வரைக்கும் பொதைச்சிரணும் டீச்சர். அப்பத்தான் ஆடாது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அவ்வளவுதான். என் மூன்று கோணல் நாற்றுகளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கன்று இப்போது முழங்கால் உயரம். காலையில் நடக்கப் போகிறவர்கள், "டீச்சர் கைராசி இன்னும் போகல" என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

குகன் கேட்ட பக்கம் இதுதான். எழுதாதீர்கள் என்று சீதா சொன்னதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். இதைப் படிக்கிற யாரும் அவளைக் குப்பை பொறுக்கியவள் என்று சொல்லப் போவதில்லை. நல்ல நாற்றைக் குப்பையில் போட்டவள் என்று என்னைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த இரண்டு கைப்பிடி மண்ணைப் போட்டது என் கையாக இருந்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.