கட்டி அழுத சமாதானம்

நமக்குத் தெரிந்த வரலாற்றில், ஹூணர்களுக்கு அஞ்சி டான்யூப் ஆற்றைக் கடந்து ரோமப் பேரரசிடம் அடைக்கலம் கேட்ட கோத் மக்களைப் பட்டினி போட்டார்கள். அதிலிருந்து பெரும்போர் மூண்டு, பேரரசரே அதில் மாண்டார். இந்தக் கதையில் அந்தப் போர் வரவில்லை. அதை வராமல் செய்தவளுக்குக் கடைசிவரை அதில் பெருமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அலுப்புதான் இருந்தது.

அவள் பெயர் மமிகா. அவளுடைய தாத்தா பாட்டியைக் கிரேக்கம் பேசும் கப்படோக்கியாவிலிருந்து கோத் வீரர்கள் பிடித்துக்கொண்டு போய் ஆற்றின் வடகரையில் குடிவைத்தார்கள். அதனால் வீட்டில் கிரேக்கம், தெருவில் கோத் மொழி. பிறகு தென்கரையில் துரோஸ்தோரம் ஊர்ப் படகுக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு லத்தீனும் கற்றாள். படகுக்காரன் காய்ச்சலில் போனபின், தங்கை துல்கில்லாவோடு துறையில் புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கோத் கூட்டம் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய வாரமே ஊரிலிருந்த ரோமக் கோட்டைக்காரர்கள் மீன்கூடையைத் தூர வைக்கச் சொல்லி அவளைக் கையோடு அழைத்துப்போனார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது.

தானியக் கிடங்கு சில்வினஸ் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. கிடங்கில் கோதுமை நிறையக் கிடந்தது. ஆனால் சில்வினஸ் அதைப் பூட்டிவைத்துவிட்டு, ஊர் நாய்களைப் பிடித்துவந்து வாசலில் கட்டிவைத்திருந்தான். பசித்தவர்கள் பிள்ளையை அடிமையாகக் கொடுத்துவிட்டு, தின்ன ஒரு நாயை வாங்கிப்போகலாம்.

"சொல்லு. ஒரு புள்ளைக்கு ஒரு நாய். கொழுத்ததா பாத்து எடுத்துக்கச் சொல்லு."

பதினோரு நாள் அவள் அதை அப்படியே மாற்றிச் சொன்னாள். தன்னுடையது வாய் மட்டும்தான், பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும் கை வேறு யாருடையதோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டில் துல்கில்லா கூழ் ஊற்றி வைத்தால் பாதியில் எழுந்துவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் சுனிலா வந்தான். வண்டி செய்கிறவன். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்திருப்பான். இப்போது தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயது மகள் நின்றாள். கட்டியிருந்த நாய்களைப் பார்த்துவிட்டு அவள் மமிகாவிடம் கேட்டாள்:

"எங்களுக்கு எது அத்தை? கடிக்குமா?"

வீட்டுக்கு நாய் வாங்க வந்திருப்பதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சில்வினஸ், "ம், சொல்லு" என்றான். மமிகா சுனிலாவைப் பார்த்து கோத் மொழியில் சொன்னாள்:

"புள்ளைய கூட்டிட்டுப் போயிடு தம்பி. நாளைக்குக் காலைல கிடங்கு திறக்குறாங்க. எல்லாருக்கும் கோதுமை. உங்க தலைவர்கிட்ட சொல்லி, ஆளுங்கள சாக்கோட வரச் சொல்லு."

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். சில்வினஸ் எழுந்துவிட்டான். "எங்க போறான் அவன்? என்ன சொன்னான்?"

"நாய் வேண்டாமாம் ஐயா. நாளைக்குக் காலைல எல்லாரும் இங்க வர்றாங்களாம். கதவு திறந்திருந்தா சாக்கோட வருவோம், பூட்டியிருந்தா கோடாலியோட வருவோம்கிறான்."

"எத்தன பேரு?"

"அவனுக்கு அவ்வளவு எண்ணத் தெரியாதாம்."

மறுநாள் விடிந்ததும் சில்வினஸ் மதில்மேல் ஏறிப் பார்த்தான். ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். சாக்குக்குள் என்ன இருக்கிறதென்று அங்கிருந்து தெரியவில்லை. இறங்கிவந்து தன் கையாலேயே பூட்டைத் திறந்தான். ஒருமுறை திறந்த கிடங்கை மறுபடி பூட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தைக் கோத் மக்கள் உயிரோடு கடந்தார்கள். வசந்தத்தில் அவர்களுக்கு மலையடிவாரத்தில் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள்.

நிலம் கொடுத்த அன்று கோத் தலைவர் ஒருவர், முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கிடங்கைத் திறந்ததற்காகக் கோட்டைத் தளபதிக்கு நன்றி சொன்னார். தளபதிக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்துவிட்டு மமிகாவைக் கூப்பிட்டார்.

"பொய் சொன்னியா?"

"சொன்னேங்க."

"யாருகிட்ட?"

"ரெண்டு பக்கமும்."

தலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். தளபதி கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானே இந்தச் சமாதானத்த உண்டாக்கின? போ, இனிமே நீயே அதக் கட்டி அழு."

அதுதான் தண்டனை. ஒரு கோவேறு கழுதை கொடுத்து, புதுக் குடியிருப்புகளுக்கும் பழைய ஊர்களுக்கும் நடுவே அவளை அலையவிட்டார்கள். பத்தொன்பது வருஷம்.

போர் என்றால் ஒருநாள் முடிந்துவிடும். சமாதானம் முடிகிற மாதிரி தெரியவில்லை. வேலி, வாய்க்கால், தொலைந்த ஆடு, ஓடிப்போன பெண், ஜெபத்தில் எந்த வார்த்தை முதலில் வரவேண்டும் என்ற தகராறு என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாரையும்விட அதிகம் கூப்பிட்டவன் சுனிலா. அவனுக்கும், பழைய ஊரைச் சேர்ந்த, லத்தீன் பேசும் பக்கத்து நிலத்துக்காரன் திசாஸுக்கும் ஒத்தே வராது.

"இவன் பன்னிங்க என் முட்டைக்கோஸ் அத்தனையும் தின்னுடுச்சு. காட்டுமிராண்டிப் பய!" என்பான் திசாஸ்.

"தோட்டம் போச்சுன்னு வருத்தப்படுறாரு" என்று மாற்றுவாள் மமிகா.

"பன்னிக்கு வேலி எதுன்னு தெரியுமா? இவனுக்கே தெரியலயே!" என்பான் சுனிலா.

"வேலி கட்ட நானும் வர்றேங்கிறாரு" என்பாள் இவள்.

இப்படி எத்தனை ஆயிரம் வசவுகள் அவள் வாய்க்குள் போய் மரியாதையாக வெளியே வந்தன! வசவு மட்டும் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டதைப்போல இருக்கும்.

ஒன்பதாவது வருஷம் துல்கில்லா படுக்கையில் கிடப்பதாகச் செய்தி வந்தது. மமிகா அப்போது ஒரு கிணற்றுச் சண்டையில் இருந்தாள். நடுவில் விட்டுப் போனால் கத்தியை எடுத்துவிடுவார்கள் என்று மூன்று நாள் உட்கார்ந்து பேசி முடித்தாள். அவள் துரோஸ்தோரம் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் குழிமேல் மண் காய்ந்திருந்தது. அழுகை வரவில்லை. குழிமேட்டில் சாய்ந்தவள் வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

பத்தொன்பதாம் வருஷ வசந்தத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வழக்கம்போல் பன்றி, வழக்கம்போல் முட்டைக்கோஸ். திசாஸும் சுனிலாவும் வந்து நின்றார்கள். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

திசாஸ் கோத் மொழியிலேயே ஆரம்பித்தான், உடைசலாக, ஆனால் சுருக்கென்று. சுனிலா சந்தை லத்தீனில் திருப்பிக் கொடுத்தான். மமிகா இத்தனை வருஷம் விழுங்கிய வசவெல்லாம் நேருக்கு நேர் பறந்தது. கத்தி எதுவும் வெளியே வரவில்லை. கடைசியில், "சரி, ஒரு குட்டி தர்றேன், வாய மூடு" என்றான் சுனிலா. "பெரிய குட்டியா குடு" என்றான் திசாஸ். இருவரும் பட்டியைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

மகிழ்ச்சி வரும் என்று அவள் காத்திருந்தாள். முழங்கால்தான் வலித்தது.

கழுதையைக் கோட்டையில் ஒப்படைத்துவிட்டு, துறைக்கு மேலே ஒரு குடிசையில் நான்கு வருஷம் இருந்தாள். தொண்டை சரியானபிறகும் யாரோடும் பேசவில்லை. புதிதாக வந்த காவற்படைக்காரர்கள் அவளைப் பிறவி ஊமை என்று நினைத்துக்கொண்டு, ரொட்டி கொடுக்கும்போது கையால் சாடை காட்டினார்கள். அவளும் கையாலேயே நன்றி சொன்னாள்.