இருபத்தேழாம் எண்

அகலவாய் ஃபிளாஸ்க் ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வான நீல நிறம். மூடியில் ஒரு விரிசல், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியது நான்தான். போன மாதம் பக்கத்து வீட்டார் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக அதைக் கேட்டார்கள். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணமும் சொல்லவில்லை. கருமி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேசட்டும்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஃபிளாஸ்க்தான் என் பிழைப்பு. விலங்கியல் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் வீட்டோடு இருந்த என்னை, சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மேடம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். மார்பில் வரும் புற்றுநோய் அங்கேயே நிற்காமல் எலும்புக்கும் நுரையீரலுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் அடுத்த கழனிக்குக் கசிகிறதே, அதைப்போலத்தான் என்று முதல் நாளே எனக்கு விளக்கினார். கட்டியைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று வேலியாக இருக்கும். கட்டியே சுரக்கும் ஒரு புரதம் அந்தச் சவ்வை அரித்து ஓட்டை போடும். எந்தக் கட்டியில் அந்தப் புரதம் கூடுதலோ அந்தக் கட்டி சீக்கிரம் பரவும் என்று அவர் நம்பினார். அதை நிரூபிக்க அவருக்குக் கட்டிகள் வேண்டும். அறுத்து எடுத்தவுடன் ஐஸில் வைத்த, கெடாத கட்டிகள்.

செவ்வாய்க்கிழமைதோறும் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும். ஸ்டேஷன் பக்கம் இருந்த ஐஸ் ஃபாக்டரியில் ஐஸை உடைத்து வாங்கி, உப்புப் போட்டு ஃபிளாஸ்க்கில் நிரப்பிக்கொண்டு, ஆப்பரேஷன் அறை வாசலில் நிற்பேன். நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுப்பார். அதன்மேல் எண் மட்டும் இருக்கும், பேர் இருக்காது. வார்டுக்குள் போகக் கூடாது, முகம் பார்த்தால் வேலை செய்யக் கை வராது என்பது மேடம் போட்ட சட்டம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு சட்டம் இருந்தது. புற்றுநோய் என்ற சொல்லை அந்தப் பெண்ணிடம் சொல்ல மாட்டார்கள். கூட வந்த ஆண்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். அவளுக்குக் கொழுப்புக் கட்டி, அவ்வளவுதான். உடம்பு அவளுடையது, சேதி புருஷனுடையது. இதை நான் ஒருநாளும் தப்பென்று நினைத்ததில்லை. சட்டம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, காலேஜுக்கு அனுப்பமாட்டேன் என்று அப்பா நின்றபோது, மல்லாட்டைக் கழனியை, அதாவது வேர்க்கடலைக் கழனியை, போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்து, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்தாள். அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சோற்றில் கை வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எனக்குத் தெரியாத வியாதி இல்லை என்பது அவள் எண்ணம்.

இருபத்தேழாம் எண் பாட்டில் கைக்கு வந்த செவ்வாய்க்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அறுவை தாமதமாகிவிட்டது. ரயில் போய்விடுமே என்று நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சர் ஒன்று என்னை உரசிக்கொண்டு உள்ளே போனது. வெள்ளைத் துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. பித்த வெடிப்பு, தேய்ந்த மெட்டி. ஒதுங்கி வழிவிட்டேன். பிறகு பாட்டில் வந்தது, ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன். சென்னை போய்ச் சேரும்வரை ஃபிளாஸ்க்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நாங்கள் தேடிய புரதம் கறுப்புக் கோடாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தார். மற்றவற்றில் மயிரிழை. இருபத்தேழில் விரல் தடிமன். இதுதான் நம் சாட்சி என்றார். அந்தச் சிடுமூஞ்சி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மைசூர்பாகு வரவழைத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நாலு மாதம் போயிருக்கும். சின்னம்மாவுக்கு முதுகுவலி, எழுந்திருக்க முடியவில்லை என்று சேதி வந்து, பஸ் ஏறிப் போனேன். குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தேன். திரும்பிப் படுக்கும்போது சேலை விலகியது. இடது பக்கம் நீளத் தழும்பு. "எப்ப சின்னம்மா? யாருகிட்ட காட்டுன?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது. "இன்னா கண்ணு இப்பிடிக் கேக்கற? அன்னிக்கு வாசல்ல நீ நீலக் கலரு பிளாஸ்க்க வெச்சிக்கினு நின்னியே. கூப்புடலாம்னுதான் பாத்தேன். பொம்பள ஒடம்பு சமாச்சாரம், நாலு பேரு முன்னால இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "என் கட்டிய நீதான வாங்கிக்கினு போன, நர்சம்மா சொல்லிச்சி. கெட்டதா இருந்தா நீ ஓடியாந்து சொல்ல மாட்டியா? நீ ஒன்னும் சொல்லல. அதான் ஒன்னும் இல்லன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

சித்தப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார். டாக்டர் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். சென்னைக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சென்னை என்றால் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவாள் என்று இந்த மனுஷன் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். மல்லாட்டை பிடுங்கியானதும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். மேலும், எந்த வாயை வைத்துக்கொண்டு நான் அவரைக் கேட்பது?

ஆஸ்பத்திரி நோட்டில் அன்றைய தேதியில் சின்னம்மா பேருக்கு எதிரே இருந்த பாட்டில் எண்ணைப் பார்த்தேன். இருபத்தேழுதான். மேடமிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "யாருன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் நீ என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையைப் பிடித்துத் தரதரவென்று சென்னைக்கு இழுத்துப் போயிருப்பேன். வரமாட்டேன் என்றால் அவள் வீட்டு நடுக்கூடத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். பிழைத்திருப்பாளா தெரியாது. உட்கார்ந்திருப்பேன்.

பொங்கலுக்கு முன்பே சின்னம்மா போய்விட்டாள். மேடத்தின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதில் இருபத்தேழாம் எண் ஒரு படமாக இருக்கிறாள். என் பேரும் கடைசியில் நன்றியில் இருக்கிறது. நான் உடனே வேலையையும் விடவில்லை, அதுதான் கேவலம். இன்னும் ஒரு வருஷம் அதே வாசலில் நின்றேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பேர் கேட்டேன். உனக்கெதுக்கு என்று நர்ஸ் முறைப்பார்.

அந்தப் புரதத்தைத் தடுக்க மருந்து தேடுகிறார்கள் என்று இப்போது எப்போதாவது படிக்கிறேன். நல்லதுதான். படித்துவிட்டுப் பரணைப் பார்ப்பேன். அன்றைக்கு உப்பு அளவாகப் போட்டிருந்தேன், மூடியை இறுக்கியிருந்தேன், சென்னைவரை குளிர் குறையவே இல்லை. சின்னம்மா உடம்பில் நான் கெடாமல் காப்பாற்றியது அந்த ஒரு துண்டைத்தான்.