விஜயா ஓட்டிக் காட்டிய பிழை

"சார், மேடம் பூட்டாங்க."

ஏகாம்பரம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எந்த மேடம் என்று கேட்கவில்லை. அவர் அப்படிச் சொல்வது விஜயாவை மட்டும்தான். "காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிச்சி. சீக்கிரம் வா சார், வீட்டுக்காரரு ஒண்டியா குந்திகினு கீறாரு." ஏகாம்பரமும் விஜயாவும் சைதாப்பேட்டையில் அடுத்தடுத்த தெருக்காரர்கள். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலர் விஜயாவைப் பேராசிரியராக அறிவீர்கள். நான் அறிந்தது அதற்கு வெகுகாலம் முன்பு, கிண்டி தொழிற்பேட்டையில் லிஃப்ட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளை அவர் எழுதினார். அதைச் சோதிப்பது என் வேலை. பிழை இருக்கிறது என்று போய் நின்றால் மற்றவர்கள் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பார்கள். விஜயா நாற்காலியைத் திருப்பி, "சொல்லுங்க, எங்க சொதப்பியிருக்கேன்?" என்பார்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் எங்கள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஏழெட்டுப் பேர். ஒருவர் கர்ப்பிணிப் பெண். வெளியே கொண்டுவருவதற்குள் மயங்கிவிட்டார். நல்லவேளையாகத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. லிஃப்டை இயக்கியவர் ஏகாம்பரம். அவர் பொத்தானைத் தவறாக அழுத்தியதுதான் காரணம் என்று எங்கள் நிறுவனம் அறிக்கை கொடுத்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

விஜயா அந்த அறிக்கையைப் பார்த்ததும், "அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனார்.

"கரண்ட் பூடுச்சி, ஜெனரேட்டர் வந்துச்சி. எப்பவும் அமுக்குற பட்டனத்தான் அமுக்குனேன். வேற இன்னாம்மா பண்ணுவேன்?" என்றார் ஏகாம்பரம். கோபத்தில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

தீபாவளி முடிந்து கடை மூடியிருந்த ஒரு நாளில் அனுமதி வாங்கினோம். நான் கீழே மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போட, விஜயா லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பசி, போகலாம் என்று சொல்ல நினைத்தேன். அப்போது ஜெனரேட்டர் உயிர்பெற்ற அதே கணத்தில் பொத்தானும் அழுந்த, லிஃப்ட் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதையே மறந்து நடுவில் நின்றது. உள்ளேயிருந்து குரல் கேட்டது: "கிடைச்சிடுச்சு! என் புரோகிராம்தான் தப்பு!" அந்தக் குரலில் இருந்தது மகிழ்ச்சியா பயமா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்ததும் லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இதுக்குள்ளதான நின்னுருப்பா," என்றார்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றார் எங்கள் மேலாளர். "கடைக்கு எதுக்குச் சொல்லணும்? நம்ம பேர் கெட்டுடும்."

"அவர் பேர் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கு சார்," என்று சொல்லிவிட்டு விஜயா நேராகத் தி.நகருக்குப் போனார். கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். "என்னம்மா சொல்லுதிய? ஒங்க தப்புன்னு நீங்களே வந்து சொல்லுதியளா?" என்று இருமுறை கேட்டார். "ஆமாங்க. அவரைத் திரும்பக் கூப்பிடுங்க." ஏகாம்பரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. விஜயாவுக்கு நிறுவனத்தில் அதன்பின் எந்த வேலையும் தரப்படவில்லை. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகினார்.

அடையாறில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், அந்தப் பிழையை நினைவிலிருந்து மறுபடி எழுதித் திரையில் ஓட்டிக் காட்டுவார். "இத எழுதினது நான்தான்," என்றதும் மாணவர்கள் சிரிப்பார்கள். "சிரிச்சாச்சா? இப்ப எங்க தப்புன்னு கண்டுபிடிங்க." அங்கே முனைவர் பட்டம் இல்லாமல் மேலே போக முடியாது. ஐம்பது வயதில், தன்னைவிட இளையவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். "ஃபீஸ் கட்ற க்யூல என் ஸ்டூடண்ட் எனக்கு முன்னாடி நிக்கிறான்," என்று என்னிடம் புலம்பினார். புலம்பிக்கொண்டே முடித்தார்.

பிறகு, கைமாறியிருந்த அதே கிண்டி நிறுவனம் பாதுகாப்பு ஆலோசகராக அவரை அழைத்தது. நான் அப்போதும் அங்கேதான் இருந்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், ஒரு நிபந்தனையோடு: நிறுவனத்தில் நடந்த கோளாறுகளை மாணவர்களுக்கு விளக்க அனுமதிக்க வேண்டும். சட்டப் பிரிவு இழுத்தடித்தது. "ஒழுங்கா ஓடுற புரோகிராமப் பாத்து யாரும் எதையும் கத்துக்கறதில்ல," என்று அவர் விடவில்லை. கூட்டத்தில் குரலை உயர்த்தினார். கோபம் வந்தால் அவரை நிறுத்த முடியாது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இறுதிவரை பாதி வாரம் கல்லூரி, பாதி வாரம் கிண்டி.

போன வாரம் மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகார் வந்தது, லிஃப்ட் கதவு மூடவில்லை என்று. "அங்க இருக்கறவங்க ஏதாவது பண்ணியிருப்பாங்க சார்," என்று எங்கள் பொறியாளர் தொலைபேசியிலேயே முடிக்கப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, போய்ப் பாத்துடலாம்," என்றேன். பொறியாளர் சொன்னதுதான் சரி. யாரோ வைத்திருந்த செருப்பு அலமாரி கதவை இடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது, வீண் அலைச்சல் என்று அவர் முணுமுணுத்தார். பழியை யார் தலையிலாவது போடுவதற்கு முன் அந்த இடத்துக்கு ஒருமுறை போய்வருகிறேன். விஜயாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.